இரண்டு தட்டினால் கால் சுற்று

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம்; என் தொப்பை மட்டும் தேவைக்கு அதிகமாகவே சௌக்கியம். உன் கப்பலிலிருந்து கடிதம் வந்து நாலு மாதமாகிறது. கம்பெனி ஆபீசில் கேட்டால், தகவல் வந்ததும் சொல்கிறோம் என்று போன வாரம் சொன்ன அதே குரலில் சொல்கிறார்கள். நான் எழுதிய மூன்று கடிதங்களும் திரும்பி வரவில்லை. அது நல்ல அறிகுறி என்கிறாள் உன் அண்ணி. அவளை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

நம் பல் டாக்டர் ஞாபகம் இருக்கிறாரா? மாமனார் கொடுத்த பழைய காரை என் தலையில் கட்டியிருக்கிறார். தினமும் வந்து போனட்டுக்குள் எட்டிப் பார்க்கிறார். என்றைக்கு எஞ்சினை ஆ காட்டச் சொல்வாரோ என்று காத்திருக்கிறேன். கியர் பாக்ஸை இறக்கினால், யாரோ ஒரு புண்ணியவான் ஃப்ளைவீல் ஹவுசிங்கைக் கோணலாகப் பூட்டியிருக்கிறான். அந்த இரும்புச் சட்டி எஞ்சினின் மையத்தை விட்டு மயிரிழை விலகினாலும் கியர் பாக்ஸ் பிழைக்காது என்பது உனக்குத் தெரியாததா?

இரண்டு பேர் செய்கிற வேலை. நான் அடியில் மல்லாந்து, விலகலைக் காட்டும் டயல் கேஜின் முள்ளைப் பார்ப்பேன். நீ காருக்கு முன்னால் நின்று, எஞ்சினைச் சுழற்றும் ஹேண்டிலைச் சுற்றுவாய். ஸ்பானரால் இரண்டு தட்டினால் கால் சுற்று. மூன்று தட்டினால் போதும், விட்டுவிட்டு டீ குடிக்க வா. இப்போது நானே சுற்றி, நானே ஊர்ந்து போய், நானே பார்க்கிறேன். பாதி நேரம் தொப்பை வெளியிலும் நான் உள்ளேயும் இருக்கிறோம்.

நேற்று மத்தியானம் பழக்க தோஷத்தில் இரண்டு தட்டிவிட்டேன். முள் நகர்ந்தது.

பூனை என்று நினைத்தேன். எந்தப் பூனை ஹேண்டில் சுற்றும் என்று பிறகுதான் தோன்றியது. படுத்தபடியே முன்பக்கம் பார்த்தேன். யாருடைய காலும் தெரியவில்லை. தரையில் வெயில் மட்டும் கிடந்தது. மறுபடி இரண்டு தட்டினேன். ஹேண்டில் கால் சுற்றைத் தாண்டிக் கொஞ்சம் போய், பின்னால் இழுத்துக்கொண்டு நின்றது.

அது யார் வழக்கம்? அப்படி இழுத்தால் முள் பொய் சொல்லும் என்று உன்னிடம் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். நீ கப்பலுக்குக் கிளம்பிய அன்று காலையில்கூட அதற்குத்தான் திட்டினேன். “இனிமே நீயே சுத்திக்க, அண்ணே” என்று ஹேண்டிலைப் போட்டுவிட்டுப் போனாய். நேற்றும் என் வாய் சும்மா இருக்கவில்லை. “தாண்டாதேடா” என்று அதட்டிவிட்டேன். அடுத்த கால் சுற்று அணுவளவும் தாண்டவில்லை. பிறந்ததிலிருந்து நீ என் பேச்சைக் கேட்டதே கிடையாது. அப்போதுதான் எனக்கு வியர்த்தது.

ஆனாலும் வேலையை விடவில்லை. ஹவுசிங் உட்காரும் பின்களை மாற்றி, தட்டித் தட்டி, பதினொரு கோடு தள்ளி நின்ற முள்ளைச் சுற்றிலும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். வெளியே வந்து ஹேண்டிலைத் தொட்டேன். வெயில் அங்கிருந்து நகர்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கைப்பிடி மட்டும், யாரோ இப்போதுதான் விட்ட மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

உன் அண்ணி டீ கொண்டுவந்தாள், இரண்டு டம்ளரில். யாரையோ அதட்டினீர்களே, அவர் எங்கே என்று கேட்டாள். போய்விட்டார் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டையும் நானே குடித்தேன்.

மூன்று தட்டுவது மட்டும் பாக்கி. ஸ்பானரை எடுத்தேன், வைத்தேன். தட்டினால் நீ வந்து நிற்பாயோ என்று பயம். நீ விட்டுவிடுவாயோ என்று அதைவிடப் பயம். வேலை இன்னும் முடியவில்லை என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன்.

எந்தத் துறைமுகமானாலும் ஒரு வரி எழுது. என்னைத் திட்டி எழுதினாலும் சரி. அதுவரை நான் மூன்று தட்ட மாட்டேன். எங்கே இருந்தாலும் நன்றாக இரு, தம்பி. ஹேண்டிலை மட்டும் விட்டுவிடாதே.

உன்
அண்ணன்