மூன்றாம் பாகத்து அரசன்

திருகோணமலை
3.7.1979

அன்பு மகன் தவநேசனுக்கு,

கோணேசர் காவலில் நானும் அம்மாவும் எழும்பி நடமாடிக்கொண்டு இருக்கிறம். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலையிடி இல்லாமல் இருக்கிறாய் என்று இவ்வளவு காலமும் அம்மா வாயால்தான் அறிஞ்சனான், இனிமேல் எனக்கும் இரண்டு வரி எழுத வேணும். கவரில் என்ர கையெழுத்தைக் கண்டு நீ பயந்திருப்பாய், இங்கே ஒருத்தருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. பதினொரு வருசத்துக்குப் பிறகு அப்பன் எழுதுகிறான், அவ்வளவுதான். அம்மாவுக்கு முழங்கால் நோ, எண்ணெய் பூசு என்றால் பூசமாட்டாள், கோயில் படி மட்டும் ஏறுவாள். பூரணி பாலையூற்றில் சுகமாய் இருக்கிறாள், அவளுடைய இளையவன் தவழத் தொடங்கிவிட்டான். மருமகன் சின்னராசாவின் தம்பலகாமத்து வயலுக்குள்ளே போன கிழமையும் யானை இறங்கி ஒரு மூலையை மிதித்துப்போட்டுப் போயிட்டுது, மனுசன் இரவிரவாய் வயலிலேயே காவல் கிடக்கிறார். கச்சான் காத்து இந்த முறை பொல்லாத சூடு, பின்னேரம் வரையும் வெளியில் இறங்க ஏலாது.

இனி விசயத்துக்கு வாறன். நான் துறைமுக லோஞ்சுப் படகில் சுக்கான் பிடித்த காலம் முழுக்க என்னோடு நின்று கயிறு எறிஞ்ச கிண்ணியா ஸெய்னுதீனை நீ மறந்திருக்கமாட்டாய். அவர் நாகூர்க் கந்தூரிக்குப் போன இடத்தில், நாகப்பட்டினத்துக் கடையொன்றில் ஒரு புத்தகத்தின் பின்னட்டையில் உன்ர படத்தைக் கண்டிருக்கிறார். மூன்றாம் பாகம் மட்டும்தான் கடையில் இருந்ததாம், வாங்கிச் சாரத்துக்குள்ளே சுற்றிக் கொண்டுவந்து, இது உன்ர மகன்தானே, காதே காட்டிக் குடுக்குது என்றார். எனக்கு வேண்டாம் என்றேன். அவர் அதைக் கதிரையில் வைத்துப்போட்டு, தேத்தண்ணியும் குடியாமல் போயிட்டார். இரண்டு நாள் அது கதிரையிலேயே கிடந்தது, நான் எதிரே வாங்குப் பலகையில் இருந்தேன். மூன்றாம் நாள் படத்தை மட்டும் பாப்பம் என்று எடுத்தனான். கண்ணாடி போட்டிருக்கிறாய், மெலிஞ்சும் போனாய்.

மூன்றாம் பாகத்திலிருந்து வாசிக்கிறவன் படுகிற பாடு உனக்குத் தெரியாது. ஆர் ஆருக்குப் பிள்ளை, எந்தச் சாபத்தை ஆர் போட்டது, ஒன்றும் பிடிபடவில்லை. மூன்று தலை ஆமை ஒன்று வந்து ஒரு அத்தியாயம் முழுக்க அழுகுது, அது என்னத்துக்கு அழுகுதென்று நான் ஆரிட்டைக் கேக்கிறது. கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பேர்களை எழுதி எழுதித்தான் வாசிச்சனான். இருபது பக்கம் போன பிறகு கடலடி நாட்டு அரசன் வாறான். கோபம் வந்தால் இடப்பக்கத்து மீசையைக் கடிக்கிறான், காத்து எந்தப் பக்கம் என்று பிடரியைத் திருப்பிப் பாக்கிறான், சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டுச் சாப்பிடாமலே கை கழுவுகிறான். நான் வாசிப்பை நிப்பாட்டி அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் அந்தப் பக்கத்தை வாசிச்சுப்போட்டு, அடுப்பில் கறி கிடக்குது என்று குசினிக்குள் போனாள். அடுப்பு அப்ப மூட்டவேயில்லை. நீ கதை எழுதுகிறாய் என்று அவளுக்குத் தெரியும், என்னை வைத்து எழுதுகிறாய் என்று அவளுக்கும் தெரியாது.

கோபம் வந்தது, ஒளிக்கமாட்டன். அதைவிட, உன்ர அரசன் கச்சான் மாதத்தில் கிழக்கிலிருந்து வந்த அலையில் கப்பலைப் பறிகுடுக்கிறான். மேற்கிலிருந்து அடிக்கிற கச்சானில் எப்ப இங்கே கிழக்கிலிருந்து அலை அடிச்சது? என்னைப் பற்றி என்னவும் எழுது, காத்தைப் பிழையாய் எழுதாதே, துறைமுகத்துக்காரன் பெத்த பிள்ளையென்று ஒருத்தரும் நம்பமாட்டினம். இன்னொரு பிழையும் இருக்கு. அரசி ஒரு கடற்காக்கையின் காலில் ஓலை கட்டி மகனுக்குக் களவாய் அனுப்புகிறாள், அரசனுக்கு அது தெரியாது என்று எழுதியிருக்கிறாய். அம்மா உனக்கு எழுதின ஒவ்வொரு கடிதத்துக்கும் தபாற்கந்தோரில் முத்திரை வாங்கி அலுமாரி லாச்சிக்குள் வைத்தது நான். முத்திரை எப்படி முடியாமல் இருக்குது என்று அவளும் கேக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதலாம் இரண்டாம் பாகத்தை எடுப்பித்துத் தாறன், அப்பதான் கதை விளங்கும் என்று ஸெய்னுதீன் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிப்போட்டன். முதலாம் பாகத்தில் நடந்தது எனக்குத் தெரியும், நான் அங்கே நின்றனான். துரையின் கையைக் காலைப் பிடித்துத் துறைமுகக் கந்தோரில் உனக்கு வேலை எடுத்தேன், கையெழுத்து வைக்கிற நாளில் நீ மெட்ராசில் அச்சுக்கூட வேலைக்குப் போகப்போறன் என்றாய், சொந்தக்காரர் எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்க, இனி இந்த வாசலில் உன்ர கால் படக்கூடாது என்று சொன்னேன். அதை நீ எப்படி எழுதியிருந்தாலும் சரியாய்த்தான் எழுதியிருப்பாய். பூரணியின் கலியாணத்துக்கு நீ வராமல் விட்டதும் அந்தச் சொல்லால்தான், மணவறையில் மாப்பிள்ளைக்குத் தோழனாய் நிக்க உடன்பிறந்தவன் இல்லாமல் அவள் குனிஞ்ச தலை நிமிரவில்லை. சொன்ன சொல்லுக்காக அரசனின் நாக்குக் கல்லாய்ப் போச்சு, நூறு வருசமாய்த் துறைமுகவாயில் பேசாமல் இருக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு நாக்கு நல்லாய்த்தான் இருக்கு, ஆனபடியால் சொல்லுறன். நான் சொன்னது பிழை, தம்பி. அடுத்த நாளே தெரியும், வீம்பில் இருந்திட்டன்.

கடைசியில் மகனுடைய வள்ளம் துறைமுகவாய்க்கு வருகுது, அரசன் எழும்பிக் கையைத் தூக்குகிறான், அதோடு மூன்றாம் பாகம் முடிஞ்சுது. கை தூக்கினது கதவைத் திறக்கவோ ஈட்டி எறியவோ, அது ஒன்றும் அதில் இல்லை. நான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்தனான். அம்மா ஒவ்வொரு நாளும், பிள்ளை என்ன எழுதப்போறானோ என்று கேட்டு என்னைத் தின்னுகிறாள். இதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் ஏலாது. நீ வா என்று எழுதலாம்தான், ஆனால் போ என்று சொன்னவன் நான், முதலில் படியிறங்க வேண்டியவனும் நான். பாஸ்போட்டுக்குப் படம் எடுத்துக் குடுத்தாச்சு. ஆவணியில் ஸெய்னுதீன் ஒரு நேர்த்திக்குத் திரும்ப நாகூர் போறார், அவரோடு தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் வந்து, அங்கிருந்து ரெயிலில் உன்னட்டை வாறன். முழங்காலைச் சாட்டி அம்மாவை விட்டுப்போட்டு வரப் பாத்தனான், அவள் எனக்கு முந்திப் பெட்டி அடுக்கிவிட்டாள். வேண்டாம் என்று எழுதாதே, எழுதினாலும் வருவம். அறை சின்னன் என்று யோசியாதே, பாய் இருந்தால் போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு, விளக்குக் குறைஞ்ச இடத்திலிருந்து எழுதாதே. நீ எடுத்த தொழிலில் உனக்கு ஒரு குறையும் வராமல் கோணேசர் பாத்துக்கொள்ளட்டும், அம்மாவின் ஆசீர்வாதமும் இதற்குள் இருக்கு. ஒன்றை மட்டும் மறந்துபோடாதே. நாங்கள் வந்து சேருமட்டும் நாலாம் பாகத்தை அச்சுக்குக் குடுக்காதே. கை தூக்கினவன் நான், என்னத்துக்குத் தூக்கினேன் என்று நான் வந்து சொல்லுவன்.

இப்படிக்கு,
உன்ர அப்பா
வே. இராசையா