கைக்குத்தல் அரிசிச் சோறு

1943, ஐப்பசி 12. இரவு.

வீட்டுக்காரருக்குக் கால் வீக்கம் வடிய மில் அரிசியை விட்டுக் கைக்குத்தல் அரிசியும் கீரையும் கொடுக்கச் சொன்னார் டாக்டர். இன்று எல்லோருக்கும் அதையே ஆக்கினேன். முருங்கைக்கீரையில் பருப்பும் பூண்டும் சேர்த்திருந்தேன்.

இறந்துபோன மூத்த தாரத்தின் மகள் பார்வதி ஒரு வாயோடு தட்டைத் தள்ளினாள்.

"எங்கம்மா இப்படிச் சோறு ஆக்க மாட்டாங்க."

அவள் தங்கையும் கூடவே எழுந்துவிட்டாள்.

"நாளைக்கு வெள்ளைச் சோறே ஆக்கு. பிள்ளைக பட்டினி கிடக்கக் கூடாது," என்றார் இவர்.

"அப்ப உங்க காலு?"

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்.

நாளை இரண்டு உலை வைக்க வேண்டும். இவருக்குத் தனியாக ஆக்கினால் சாப்பிடுவாரோ என்னவோ.

எல்லோரும் போனபின் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கீரை நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்த வீட்டில் எனக்கு யாருமில்லை.