இடக்கை முடிச்சு

12.06.1961, திங்கள்
குளத்து மதகின் துருசுக் கதவைத் திறந்து மேல்வயலுக்குத் தண்ணீர் விட்டேன். பின்னேரம் அடைத்துப் பூட்டினேன். குளத்தில் தண்ணீர் குறைவு. இந்தச் சிறுபோக நெல் கரைசேர வேண்டுமென்றால் முறை பிசகக்கூடாது. திங்கள் மேல்வயல், வியாழன் கீழ்வயல். பூட்டுத் திறப்பு, அந்த ஒற்றைச் சாவி, குசினிக் கதவருகே ஆணியில்.

15.06.1961, வியாழன்
கீழ்வயலுக்கு விடப் போனால் குளம் ஒரு முழம் இறங்கிக் கிடக்கிறது. மேல்வயலில் வரம்பு வழியத் தண்ணீர். அங்கே முதல் வயல் வீரகத்தியுடையது. யார் திறந்தது என்று அவனைக் கேட்டேன்.

“நேற்றும் நீங்கள்தானே அண்ணை திறந்து விட்டனீங்கள்?”

முகத்தைப் பார்த்துப் பொய் சொல்கிறான்! பதினொரு வருஷமாகத் திறப்பு என்னிடம். எனக்கு முறை தெரியாதா? கள்ளத் திறப்பு செய்துவிட்டான்.

19.06.1961, திங்கள்
ஆணியில் திறப்பு இல்லை. மனைவி பத்மாசனி அரிசிப் பானைக்குள் இருந்து எடுத்துத் தந்தாள். திறப்பு தானாகப் பானைக்குள் நடந்து போகுமா? அவளுடைய தம்பி கனகலிங்கத்துக்கும் மேல்வயலில் காணி இருக்கிறது. அதை நான் மறக்கவில்லை.

20.06.1961
இனி வாயால் கேட்பதில்லை. கையும் களவுமாகப் பிடிப்பேன்.

22.06.1961, வியாழன்
கீழ்வயல் முறை. தண்ணீர் பாதி வயலோடு நின்றுவிட்டது. எட்டுக் குடும்பத்தின் பயிர் வெடித்த நிலத்தில் நிற்கிறது. அவர்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பூட்டியபின் பூட்டைச் சுற்றிக் கயிறு கட்டினேன். நான் இடக்கைக்காரன், என் முடிச்சு மறுபக்கமாகச் சுற்றும். இந்த ஊரில் வேறு ஒருவருக்கும் அது வராது. எவன் அவிழ்த்தாலும் திரும்பக் கட்டும்போது அகப்படுவான். பத்மாசனிக்கும் சொல்லவில்லை.

24.06.1961, சனி
பத்மாசனி மெல்லக் கதையைத் தொடங்கினாள். “இஞ்சாருங்கோ, வவுனியா ஆசுபத்திரியிலை ஒருக்கா காட்டுவமே? சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லுறியள்.”

ஓகோ! என்னைப் பைத்தியமாக்கிவிட்டுத் திறப்பைத் தம்பியிடம் கொடுக்கப் பார்க்கிறாள். கள்ளி என்று கத்தினேன். பெட்டியை எடுத்துக்கொண்டு ஓமந்தைக்கு, தமக்கை வீட்டுக்கு, பஸ் ஏறிவிட்டாள். போகட்டும்.

தேத்தண்ணீருக்குச் சீனி இல்லை. ஒளித்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

25.06.1961, ஞாயிறு
முறையில்லாத நாள். மேல்வயலுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஓடினேன். துருசு பாதி திறந்தபடி. பூட்டு பூட்டியிருந்தது. கயிறும் கட்டியிருந்தது — என் முடிச்சு.

வீரகத்தி வந்தான். கயிற்றைக் கொடுத்து, கட்டடா என்றேன். மூன்று தரம் கட்டினான். மூன்றும் வலப்பக்கம் போயிற்று.

“அண்ணை, விடியக் காலமை நீங்கள் திறக்கேக்கை நான் வரம்பிலை நிண்டனான். கூப்பிட்டனான். திரும்பிப் பாக்கேல்லை.”

பொய் என்று சொல்ல வாய் எடுத்தேன். கையைப் பார்த்தேன். விரல் இடுக்கில் சேறு, காய்ந்து போய். காலையில் நான் வீட்டைவிட்டு வெளிக்கிடவில்லையே? வெளிக்கிட்டேனா?

எட்டுக் குடும்பம். ஐயோ, நானா?

26.06.1961, திங்கள்
திறப்பைக் கனகலிங்கத்திடம் கொடுத்தேன். வீரகத்தி சாட்சி. எழுதி வைக்கிறேன்: நானாகவே கொடுத்தேன். ஒருவரும் பறிக்கவில்லை.

ஓமந்தைக்குப் போய்ப் பத்மாசனியைக் கூட்டி வந்தேன். மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. சீனி எங்கே என்று கேட்டேன். “நீங்கள் வைச்ச இடத்திலைதான். அலுமாரிக்குள்ளை, உங்கடை வேட்டிக்குக் கீழை” என்றாள்.

03.07.1961, திங்கள்
ஆணியில் திறப்பு இல்லை! கனகலிங்கத்தின் வேலைதான் என்று கத்தினேன். பத்மாசனி இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து 26ஆம் திகதிப் பக்கத்தை விரித்து வைத்தாள்.

அப்படியொரு நாள் எனக்கு நினைவில்லை. சூழ்ச்சி என்றுதான் மனம் சொல்கிறது. ஆனால் எழுத்து இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. என் எழுத்து. நம்புகிறேன்.

இனி நான் எப்போது கேட்டாலும் இந்தப் பக்கத்தைக் காட்டு என்று அவளிடம் சொன்னேன்.

“ஓம்” என்றாள். “இதோடை ஆறாந்தரம் சொல்லுறியள்.”