ஒட்டி வைத்த பவளக்கிளை

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. உங்களுக்கு,

வெளுத்துச் சாகிற பவளப்பாறையை மெல்லிய காகிதத்துல செஞ்சிட்டிருக்கேன். நேத்து நான் வெளியே போயிருந்தப்ப ஒரு கிளை உடைஞ்சிருக்கு. அந்த இடத்துல யாரோ புதுசா ஒண்ணு செஞ்சு ஒட்டியிருக்காங்க. மகளைக் கேட்டா, "யாரும் வரலம்மா"ன்னு முகத்தைத் திருப்பிக்கிறா.

அந்தப் புதுக் கிளையில இருக்கிற மாதிரி, கத்தரிக்கோல் படாம, விரலை நனைச்சுக் காகிதத்தைக் கிழிக்க நான் ஒருத்தருக்குத்தான் சொல்லிக் கொடுத்தேன். அவர் வீட்டை விட்டுப் போனப்ப சாவியைத் திருப்பித் தந்ததா ஞாபகமில்லை.

உடைச்சது நீங்களா, அவளா? எப்படியும் ரெண்டு பேரும் கூட்டுக்களவாணிங்கதான்.

இன்னைக்கு நானே இன்னொரு கிளையை உடைச்சு வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை வெளியே போறதா மகள்கிட்ட சொல்லியிருக்கேன்.

போகமாட்டேன்.

இப்படிக்கு,
இன்னும் பூட்டை மாத்தாதவள்