லகாட் வளைவில் மூன்று முறை

2 செப்டம்பர் 1981, புதன்

கூட்டுப் பாடகர் குழுவுக்கு இன்று முதல் பயிற்சி, ஈப்போ சிலிபின் கோயிலில். கிறிஸ்துமஸுக்கு நான்கு மாதம் இருக்கிறது. எங்கள் குரல்களுக்கு அது போதாது.

பத்து காஜாவில் உள்ள வீட்டுக்குத் திரும்பும்போது இருட்டிவிட்டது. என் வோக்ஸ்வேகனின் விளக்குகள் சாலையைக் காட்டுவதில்லை. முன்னால் ஒரு சாலை இருக்கக்கூடும் என்று அபிப்பிராயம் மட்டும் சொல்கின்றன. லகாட் தாண்டி நடுச்சாலையில் ஒரு மாடு. ஹார்ன் அடித்தேன். நகரவில்லை. மறுபடி அடித்தேன். மாடு குடை விரித்தது.

இறங்கி மன்னிப்புக் கேட்டேன். நல்ல மனிதர். சீக்கிரம் மன்னித்துவிட்டார்.

வீட்டில் இசபெல்லா அக்கா காத்திருந்தாள். "வித்துத் தொலை லா, பியாட்ரிஸ். இருபது வருஷத்து ஆமை. என்னைக்காவது யாரு மேலயாவது ஏத்திட்டு வந்து நிக்கப்போற."

அவளுக்கு அது ஆமை. எனக்கு? கல்லூரி முடித்து ஆசிரியையான மறுவருடம், யாரையும் கேட்காமல் நான் எடுத்த ஒரே முடிவு. வேறு முடிவு எதுவும் பிறகு எடுத்ததாக நினைவில்லை.

13 செப்டம்பர், ஞாயிறு

கப்பலில் வேலை செய்யும் தம்பி மரியஜோசப் விடுப்பில் வந்திருக்கிறான். சித்தியவானிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன், துண்டில் சுற்றிய இரண்டு உருண்டைகளை மேசைமேல் வைத்தான். அக்கா முட்டைக்கோஸ் என்று எண்ணி அடுக்களைக்குத் தூக்கிப் போய்விட்டாள்.

கார் விளக்குகள். ஹம்பர்க்கில் வாங்கியவை.

"ஜெர்மன் காருக்கு ஜெர்மன் லைட்டு, சின்னக்கா. கரப்பான்பூச்சி மீசையால தடவிக்கிட்டுப் போற மாதிரி எத்தன நாளைக்கு ஓட்டுவ?"

அங்கே ஒரு வழக்கம் உண்டாம். ஆமைக் காரை எதிரில் பார்த்தால், விளக்கை மினுக்கி வணக்கம் சொல்வார்களாம். முன்பின் தெரியாதவர்கள் கூட.

அழகான வழக்கம். இங்கே பக்கத்து வீட்டுக்காரரே குப்பை வண்டி வரும் நாளில்தான் பேசுகிறார்.

19 செப்டம்பர், சனி

புந்தோங்கில் சன்னாசியின் பட்டறை. விளக்குகளைக் கைக்குழந்தைபோல் வாங்கிக்கொண்டார்.

"ஒங்க கார் ஆறு வோல்ட், டீச்சர். இதுக்குப் பத்தாது. பன்னெண்டாக்கிருவோம்."

"ஹார்ன், வைப்பர், மத்த சாமானெல்லாம் ஆறு வோல்ட்தானே, அண்ணே?"

"தாப்பா லா, பரவால்ல. அதுங்களும் கொஞ்சம் சுறுசுறுப்பா இருக்கட்டும்."

விளக்கின் கோணத்தைச் சரிபார்க்கச் சொன்னேன். என்னை ஏதோ நற்கருணைப் பேழையைத் திறக்கச் சொன்னவளைப்போல் பார்த்தார். "ஜெர்மன்காரன் வச்ச கோணம். அதுல நான் கைய வைக்கலாமா?"

நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

26 செப்டம்பர், சனி

கார் வந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் தவளைபோல் ஒரு தாவு. ஹார்ன் லுமுட்டில் கப்பல் புறப்படும் ஓசை. வைப்பர்கள் கண்ணாடியைத் துடைக்கவில்லை, அறைகின்றன.

அக்காவை மாலை பாசாருக்கு, காய்கறி வாங்க, கூட்டிப் போனேன். அவள் எப்போதும் பின்சீட்டில்தான் உட்காருவாள். இந்தக் காரில் பேட்டரி இருப்பது பின்சீட்டுக்கு அடியில். புது பேட்டரி பழையதைவிட உயரம். அக்கா சாய்ந்து உட்கார, சீட்டுக் கம்பி பேட்டரியில் பட, புகை.

அவள் இறங்கிய வேகத்தை டாக்டர் பார்த்திருந்தால் மூட்டுவலி மாத்திரையை நிறுத்தியிருப்பார்.

பேட்டரிமேல் ரப்பர் விரிப்பு போட்டாயிற்று. அக்கா இனி நடந்தே போவதாகச் சொல்கிறாள்.

30 செப்டம்பர், புதன்

சாலை இருக்கிறது! லாலான் புல் இருக்கிறது, மைல்கல் இருக்கிறது, ஈயக்குட்டையின் வேலி இருக்கிறது. வலப்பக்கம் மரங்களின் உச்சிகூடத் தெரிகிறது. ஒரு வீட்டு மாடியில் காயும் சட்டையைக்கூடப் பார்த்தேன்.

இன்னும் ஒரு விஷயம். எதிரில் வந்த லோரி விளக்கை மினுக்கியது. அடுத்து ஒரு டாக்சி. அதன் பிறகு ஏறக்குறைய எல்லாரும். முதலில் புரியவில்லை. பிறகுதான் தம்பி சொன்னது நினைவுக்கு வந்தது.

ஆக, எங்கள் பேராக் மாநிலத்திலும் அந்த வழக்கம் உண்டு. இத்தனை வருடம் என் மங்கல் விளக்கில் காரை யாரும் அடையாளம் காணவில்லை, அவ்வளவுதான்.

விளக்கை ஏற்றித் தாழ்த்தும் பொத்தான் காலடியில். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொருவருக்கும் தவறாமல் பதில் வணக்கம் சொன்னேன். வீட்டுக்கு வரும்போது கால் வலி, மனம் நிறைவு.

7 அக்டோபர், புதன்

ஒரு லோரிக்காரர் தலையையே வெளியே நீட்டி ஹொக்கியனில் நீளமாக ஏதோ சொன்னார். அந்த மொழி தெரியாத குறை இன்றுதான் உறைத்தது. கையசைத்தேன்.

லகாட் வளைவில், மூடிக் கிடக்கும் ரப்பர் எஸ்டேட் புகைவீட்டருகே, ஒரு வெள்ளை பீஜோ கார். மற்றவர்கள் ஒருமுறை மினுக்குவார்கள். இவர் நிறுத்தி நிதானமாக மூன்று முறை.

14 அக்டோபர், புதன்

அதே வளைவு, அதே பீஜோ. மூன்று முறை. நானும் மூன்று முறை. அவர் மறுபடி மூன்று. நானும் மறுபடி.

ஒருவரோடு இவ்வளவு நேரம் பேசி எத்தனை நாளாயிற்று!

பேச்சா அது? நாற்பத்து நான்கு வயது. அறிவியல் ஆசிரியை. மூடி வை டைரியை.

18 அக்டோபர், ஞாயிறு

பத்து காஜா கோயில் வாசலில் அந்த பீஜோ நின்றது. நாங்கள் எப்போதும் கோயிலுக்கு நடந்துதான் போவது, நல்லவேளை. யாருடையது என்று அக்காவிடம் கேட்டேன், மழை வருமா என்று கேட்பதுபோல.

"சூசைநாதன். ரயில்வேல சிக்னல் பாக்குறவரு. புதன்கிழம புதன்கிழம ஈப்போல நைட் டூட்டி. பொண்டாட்டி தவறி ஆறேழு வருஷமாச்சு, பாவம். ஏன் கேக்குற?"

"சும்மா."

"சும்மா கேக்குற மூஞ்சியா இது?"

சிக்னல் பார்ப்பவர். அப்படியென்றால் அவர் மூன்று முறை அடிப்பது தெரியாமல் அடிப்பது அல்ல. அதில் ஏதோ சொல்கிறார். என்ன சொல்கிறார்? அது எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமலும் இருக்க வேண்டும்.

21 அக்டோபர், புதன்

மூன்று.

23 அக்டோபர், வெள்ளி

இரண்டாம் படிவ வகுப்பில் ஒளி பாடம். கண்ணாடியின் வடிவம் ஒளியை எப்படித் திருப்புகிறது என்று கரும்பலகையில் வரைந்தேன். "டீச்சர் தனியா சிரிக்கிறாங்க" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். உடனே கண்டிப்பான முகம் வைத்துக்கொண்டேன். அந்த முகத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

28 அக்டோபர், புதன்

மழை. வைப்பர்களில் ஒன்று அடித்த வேகத்தில் கழன்று காட்டுக்குள் போய்விட்டது. பீஜோ வரவில்லை. புகைவீட்டருகே கொஞ்ச நேரம் காரை நிறுத்தினேன். வைப்பரைத் தேடத்தான்.

நான் காரை விட்டு இறங்கவே இல்லை.

4 நவம்பர், புதன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

இன்று நீலச் சேலை. ஓடிகொலோன். "பாட்டுக்கு எதுக்கு வாசனை?" என்று அக்கா கேட்டு முடிப்பதற்குள் காரைக் கிளப்பிவிட்டேன்.

லகாட் வளைவில் பீஜோ ஓரமாக நின்றது. அதன் முன்னால் அவர். இருட்டிய பிறகும் கறுப்புக் கண்ணாடி. இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, ரயிலை நிறுத்துவதுபோல் என்னை நிறுத்தினார். என் நெஞ்சு புது ஸ்டார்ட்டரைப்போல் தாவியது.

ஜன்னலருகே வந்தார். "மேடம், கோவிச்சுக்கக் கூடாது. ஒரு மாசமா புதன்கிழம வந்தாலே எனக்கு ஒங்க நெனப்புதான்."

ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டேன். கார் நின்றுகொண்டுதான் இருந்தது.

"போன வாரம் டூட்டியவே மாத்திக்கிட்டேன். அதுக்கு முந்தின வாரம் ஈப்போ வரைக்கும் அழுதுக்கிட்டே போனேன்."

"ஐயோ, ஏன்?"

"கண்ணுல தண்ணி, மேடம். ஒங்க லைட்டு."

ஒரு தவளை கத்தியது. இன்னொன்று பதில் சொன்னது.

"ரெண்டு வாட்டி கால்வாய்க்குள்ள எறங்கிட்டேன். கொறைங்க கொறைங்கன்னு மூணு தடவ அடிச்சுக் கெஞ்சுறேன். நீங்க ஏத்தி ஏத்தி மூணு தடவ அடிக்கிறீங்க. நம்ம மேல யாரோ வஞ்சம் வச்சிருக்காங்கன்னு நெனச்சேன். எங்க ஸ்டேஷன் மாஸ்டர் மேலதான் சந்தேகம்."

"நான் தாழ்த்தித்தான் ஓட்டுறேன்" என்றேன். குரல் பாட்டுப் பயிற்சியில்கூட அவ்வளவு உயரம் போனதில்லை.

"இது தாழ்த்துனதா?"

ரோஷம் வந்துவிட்டது. இரண்டு கார்களையும் புகைவீட்டுச் சுவரைப் பார்த்து நிறுத்தச் சொன்னேன். அவருடைய விளக்கு கீழே விழுந்து, இடப்பக்கச் சாலை ஓரத்தை நோக்கி ஏறியது. என்னுடையது வலப்பக்கம் ஏறிக் கூரையைத் தொட்டது. அங்கே தொங்கிக்கொண்டிருந்த ஒரு வௌவால் கிளம்பிப் போனது.

அப்போதுதான் புரிந்தது. ஜெர்மனியில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுவார்கள். அந்த ஊர்க் கண்ணாடி வெளிச்சத்தை வலப்பக்க ஓரத்துக்குத் திருப்பும். நம் ஊரில் வலப்பக்கம் இருப்பது எதிரே வருகிறவரின் முகம். கரும்பலகையில் இதை எத்தனை வருடமாக வரைகிறேன்! ஜெர்மன்காரர் வைத்த கோணம் சரிதான். நாங்கள்தான் அதைப் பேராக்குக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

கைப்பையில் பிளாஸ்திரி இருந்தது. கண்ணாடியில் எந்த இடம் என்று நான் காட்ட, அவர் ஒட்டினார். வெளிச்சம் கூரையிலிருந்து இறங்கியது. கார், கண்ணில் குத்து வாங்கிய குத்துச்சண்டைக்காரர்போல் நின்றது.

"ஒண்ணு கேக்கலாமா, மேடம்? எதுக்குத் திருப்பித் திருப்பி அடிச்சீங்க?"

மீதிப் பிளாஸ்திரியைக் கைப்பைக்குள் திணித்தேன்.

"மரியாதைக்கு" என்றேன்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "மரியாதைக்கு" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

5 நவம்பர், வியாழன்

லோரிக்காரர் ஹொக்கியனில் சொன்னது என்னவென்று இப்போது ஓரளவு ஊகிக்க முடிகிறது. நான் கையசைத்தேனே அவருக்கு. அட கடவுளே.

14 நவம்பர், சனி

சன்னாசி நம் ஊர் விளக்குகளை மாட்டிக் கொடுத்தார். "ஜெர்மன்காரனுக்கு எடது வலது தெரியல பாருங்க" என்றார். அவரோடு வாதாடும் தகுதி எனக்கு இல்லை. வைப்பருக்கு வேகத்தடை வைத்தாயிற்று. ஹார்ன் அப்படியே.

தம்பியின் விளக்குகளில் ஒன்றைக் கோயிலின் கிறிஸ்துமஸ் குடிலுக்குக் கேட்டார்கள். கொடுத்தேன். இன்னொன்றில் அக்கா பூண்டு போட்டு வைத்திருக்கிறாள்.

18 நவம்பர், புதன்

பீஜோ வந்தது. போனது. ஒன்றுமில்லை.

அப்படித்தானே இருக்கும்? விளக்கு சரியாகிவிட்டதே.

25 நவம்பர், புதன்

ஒன்றுமில்லை. லோரிகளும் டாக்சிகளும் என்னைக் கண்டுகொள்ளாமல் போகின்றன. நன்றாகச் சாலை தெரிகிறது. இவ்வளவு சலிப்பான சாலை என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

20 டிசம்பர், ஞாயிறு

பூசை முடிந்து குடிலில் விளக்கை ஏற்றிப் பார்த்தார்கள். தேவபாலனை வைக்க வேண்டிய இடத்துக்கு நேராகத்தான் கட்டியிருந்தார்கள். ஆனால் அது ஹம்பர்க் விளக்கு. வெளிச்சம் முழுவதும் வலப்பக்கம் ஏறி, கழுதையின் முகத்தில் அடித்தது. அதற்கு ஏதோ காட்சி கிடைத்ததுபோல் இருந்தது.

பின்னால் ஒரு குரல். "பாவம். அதுக்குத் திருப்பி அடிக்க லைட்டும் இல்ல."

சூசைநாதன். நான் சிரித்துவிட்டேன், கோயிலுக்குள், சத்தமாக. அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள், பிறகு அவரை, பிறகு கழுதையை.

"பயிற்சி எப்ப முடியுது, டீச்சர்?"

"வர்ற புதன்கிழமையோட."

"ஓ" என்றார். அந்த 'ஓ'வை வீடு வரை கொண்டுவந்தேன்.

23 டிசம்பர், புதன்

கடைசிப் பயிற்சி. இப்போதும் குரல்கள் போதவில்லை.

லகாட் வளைவு. பீஜோ. நிறுத்தி நிதானமாக, மூன்று முறை.

பதறிப்போய்விட்டேன். மறுபடி யார் கண்ணையோ குருடாக்குகிறேனா? வீடு வந்ததும் சுவரைப் பார்த்துக் காரை நிறுத்தி, அக்காவை டார்ச்சோடு வெளியே இழுத்துவந்து அளந்து பார்த்தேன். இடது, வலது, உயரம்.

விளக்கில் ஒரு குறையும் இல்லை.

6 ஜனவரி 1982, புதன்

இப்போதுதான் லகாட்டிலிருந்து வந்தேன். அங்கே காப்பிக்கடையில் இஞ்சித் தேநீர் நன்றாகப் போடுகிறார்கள், அவர் சொன்னதுபோலவே. கடை வாசலில் இரண்டு கார்களும் ஒரே பக்கம் பார்த்து நின்றன.

ஆறரைக்குச் சாவியை எடுத்தபோது அக்கா வழிமறித்தாள். "பாட்டுதான் முடிஞ்சிருச்சே. எங்க கெளம்பிட்ட?"

"பன்னெண்டு வோல்ட் பேட்டரி, அக்கா. ஓட்டாம போட்டா எறங்கிரும். லகாட் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாரேன்."

அக்கா என் தலையைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"பேட்டரிக்குப் பூ வேறயா?"