வெனிஸில் பாதி, கட்கியில் மீதி

என் சண்டைக்காரி அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நான் இன்னும் காலேஜுக்குத் திரும்பவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அடுத்தது, நீ நடத்திய சர்ச் கொயர் இரண்டாக உடைந்துவிட்டது.

காரணம் உனக்குத் தெரிந்ததுதான். ஃபேக்டரி வேலைக்கு வந்து மூன்று தலைமுறையாகக் கட்கியில் இருக்கிறவர்கள் மெதுவாகப் பாடுவார்கள். ஐ.டி. வேலைக்கு வந்து சாங்வியில் இருக்கிறவர்கள் வேகமாகப் பாடுவார்கள். தாளம் காட்டும் உன் கை ஒன்றுதான் இரண்டு பக்கத்தையும் பிடித்து வைத்திருந்தது. உன் நினைவு நாள் ஆராதனைக்கு, "அவங்க பாடினா நாங்க பாட மாட்டோம்" என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட்டார்கள். உனக்கான நாளில் பாட்டே இல்லாமல் போகும் நிலை.

"இவன் வேகத்துக்குப் பாடிட்டு என்ன, லோனாவ்லா லோக்கல் ரயிலைப் புடிக்கணுமாக்கும்?" என்றார் கட்கி ஆசீர் மாமா.

"மாமா ஒரு வரி முடிக்கிறதுக்குள்ள சபையில பாதிப்பேர் தூங்கிருவாங்க" என்றார் சாங்வி விவேக் அண்ணன்.

அப்போதுதான் வெனிஸ் ஞாபகம் வந்தது. சமையல் மேடையில் இரண்டு டம்ளரை எதிரெதிராக வைத்து நீ சொன்னாயே. அந்த ஊர்ப் பெரிய கோயிலில் எதிரெதிராக இரண்டு மாடிகள். பாடுகிறவர்களை இரண்டாகப் பிரித்து நிறுத்தினார்கள். ஒரு கூட்டம் கேட்கும், மறு கூட்டம் பதில் சொல்லும், கடைசியில் எல்லோரும் சேர்வார்கள்.

"நின்ன எடத்துக்கு ஏத்த மாதிரி பாட்டு எழுதுனாங்கட்டி. வெளியூர்க்காரங்க வந்து கத்துக்கிட்டுப் போய் ஐரோப்பா பூரா பரப்புனாங்க. ஆர்கெஸ்ட்ராவுல வயலின் கேட்க டிரம்பெட் பதில் சொல்லுதே, அதுக்கும் அங்க ஒரு தொடக்கம் இருக்கு."

"ஒரே எடத்துல நின்னு பாடத் தெரியாதாக்கும் அவங்களுக்கு?" என்றேன்.

"இரு, முக்கியமானதே இனிமேதான்" என்றாய். நான் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். எதையும் பாதியில் விடுகிறவள்தானே நான்.

அந்தப் பாதியை வைத்துத்தான் போய்ப் பேசினேன். "யாரும் யார் பக்கத்துலயும் நிக்க வேண்டாம். கட்கி முன்னால ஆல்டர் பக்கம், சாங்வி பின்மாடி. மாத்தி மாத்திப் பாடுங்க." ஒத்துக்கொண்டார்கள். பிடிக்காதவர்களைத் தூரமாக நிறுத்தியதே பெரிய சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

முதல் ஒத்திகை கேவலம். மாற்றி மாற்றிப் பாடும்வரை சரி. சேர்ந்து பாடும் இடத்தில் சிதறியது. "மேல இருக்கவன்தான் பிந்துதான்" என்றார் மாமா. "கீழதாங்க லேட்டு" என்றார் அண்ணன். இரண்டுமே உண்மை. அந்தப் பக்கத்துச் சத்தம் சர்ச்சின் நீளத்தைக் கடந்து இந்தப் பக்கம் வருவதற்குள் கொஞ்சம் பிந்திவிடுகிறது. காதை நம்பி, அதற்குப் பிறகு வாயைத் திறந்தால் இன்னும் பிந்தும். கண்ணால் பார்த்துத்தான் பாட வேண்டும்.

நீ சொல்ல வந்த மீதி இதுதானா அக்கா?

சர்ச்சின் நடுவே, இரண்டு பக்கத்துக்கும் தெரிகிற இடத்தில் நின்று கையைத் தூக்கினேன். என்னைப் பார்க்கிறவர்களுக்கு எதிர்ப்பக்கமும் கண்ணில் பட்டுத்தான் ஆக வேண்டும். ஆராதனையன்று ஆசீர் மாமா பாட்டுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தே பாடினார். கடைசிச் சரணத்தில் எனக்கு வாசலுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. கை வலித்தது. கண் கலங்கி ஒருவர் முகமும் தெரியவில்லை. கையை இறக்கியிருந்தால் எல்லாம் அங்கேயே சிதறியிருக்கும். இறக்கவில்லை. ஆமென் ஒன்றாக வந்தது.

யாருடைய வேகம் என்று கேட்பாய். உன்னுடையதுதான். வேறு எதுவும் என் கைக்குத் தெரியாது.

வெளியே வந்ததும், "ஏட்டி ஜெனி, அடுத்த ஞாயிறும் அங்கனயேதான நிப்ப?" என்றார் மாமா. பதிலைக் கேட்க விவேக் அண்ணனும் அவர் பக்கத்திலேயே வந்து நின்றார்.

நிற்பேன் அக்கா. காலேஜைப் பற்றி இப்போது எந்த வாக்கும் தர மாட்டேன். ஆனால் ஞாயிறுதோறும், கடைசி ஆமென் வரை கையை இறக்க மாட்டேன்.

நீ பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோன
உன் தங்கச்சி,
ஜெனி