எட்டுப் பொருத்தம்

மட்டாஞ்சேரி
கர்க்கடகம் 9

அன்புள்ள ஸுப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் க்ஷேமம். டப்ளினில் குளிருக்கும் வேலைக்கும் நடுவே நீயும் க்ஷேமமாக இருக்க வேண்டும் என்று அம்மா தினம் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறாள், நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன். ஞாயிறு தோறும் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். மூன்று ஞாயிறாக ஒரு விஷயம் சொல்ல வாயெடுத்து, மழையைப் பற்றிச் சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் நடுவில் நழுவ முடியாது. உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் பிடிக்கும் என்று தெரியும், எழுத்தைப் பெரிதாகவே போடுகிறேன்.

இந்த மழையில் அடுக்களை ஓடு நாலு இடத்தில் ஒழுகியது. எதிர்க்கடை ஷாபாஸ் ஆளைக் கூட்டிவந்து மாற்றிக் கொடுத்தான். அவன் பெண் ஜுமானாவுக்குக் களமசேரியில் எம்.எஸ்ஸி. இடம் கிடைத்திருக்கிறது, உன்னிடம் சொல்லச் சொன்னாள். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான், மாடி ஏறுவதை நிறுத்தியாச்சு. இப்படியே இன்னும் நாலு பக்கம் என்னால் எழுத முடியும், ஏழு வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். போதும். நான் சொல்ல வந்தது வெங்கிட்டுவைப் பற்றி.

அந்தப் பேரைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. அவன் உன்னை வேண்டாம் என்றது கோழைத்தனத்தால் என்றுதான் நீ இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதை உன் மனசில் போட்டது நான்.

வெங்கிட்டு நம் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் படிக்க வந்துகொண்டிருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். இங்கே நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர்கள், வீட்டில் பேசுகிற தமிழை எழுதத் தெரியாது. இவன் ஒருத்தன்தான் இருபத்தெட்டு வயசில் வந்து, மாமா எனக்குத் தமிழ் எழுதச் சொல்லிக் கொடுங்கோ என்று கேட்டான். பாங்கில் முப்பது வருஷம் கையெழுத்துப் போட்டே தேய்ந்தவனுக்கு அதைக் கேட்க எவ்வளவு சந்தோஷம் என்று நினைக்கிறாய். முதல் மாசம் மலையாள எழுத்தில் தமிழ்க் கவிதை எழுதிக்கொண்டு வந்தான், பிறகு மெல்ல மெல்லத் தமிழிலேயே. எல்லாம் ஒரு பெண்ணுக்கு எழுதியவை. யார் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. நட்சத்திரம், ராசி, பொருத்தம் என்று பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு அவன் விளையாடுவான். பத்துப் பொருத்தத்தில் வசியம் நமக்கு இல்லை, நல்லதாப் போச்சு, யாருக்கு யார் வசப்பட வேணும், பக்கத்தில் உட்கார இடம் இருந்தால் போதும் என்று ஒன்று எழுதியிருந்தான். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. சிவப்பு மையில் புள்ளி வைத்து, ஒற்றெழுத்துப் போட்டு, இரண்டொரு சொல் மாற்றிக் கொடுத்தேன். நல்ல பிரதி எழுதி உன்னிடம்தான் கொடுத்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிறு இப்படிக் கொண்டுவந்தான். என் வீட்டுக்கு ஏழாம் வீடு உன் வீடு, நான் கதவைத் திறந்தால் நேர் எதிரே நீ, இந்தத் தெருவைப் போட்டவனுக்கு நம் பேர் தெரியும். அதைத் திருத்தும்போதுதான் கணக்குப் போட்டேன். அவன் ரோகிணி, ரிஷபம். அதற்கு ஏழாம் வீடு விருச்சிகம். நம் வீட்டில் விருச்சிக ராசி, அனுஷ நட்சத்திரம் யார்? பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சாயா குடிக்கிறாயா என்று கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை.

அடுத்த மாசமே அவன் அப்பா செல்லப்பாவும் அம்மா சங்கரி மாமியும் தட்டில் பழம் வைத்து ஜாதகத்தோடு வந்தார்கள். நான் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டு, திருப்பூணித்துறை ஜோசியர் பணிக்கரிடம் நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். போனேன். பணிக்கர் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தார். எட்டுப் பொருத்தம் உண்டு, ரஜ்ஜுவும் உண்டு, பையன் ஜாதகம் சுத்தம், தோஷம் எதுவும் இல்லை, தைரியமாக நடத்துங்கோ என்று எழுதியே கொடுத்தார். அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் எனக்கு ஞாபகம் வந்தது ஜாதகம் இல்லை. அதற்கு முந்தின வாரம் ஒரு கல்யாணத்தில் என் பழைய மானேஜரோடு பந்தியில் உட்கார்ந்திருந்தேன். செல்லப்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சாம்பார் வாளியோடு வந்து என் இலையில் ஊற்றினான். மானேஜர் அவனை ஏய் என்று கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் என்றார். அவன் எனக்குச் சம்பந்தி ஆகப் போகிறான் என்று நான் யாரிடம் சொல்வேன்? அவ்வளவுதான் காரணம், ஸுப்ரியா. பையன் நல்லவன், குலம் ஒன்று, கோத்திரம் வேறு, நட்சத்திரம் சேர்கிறது, நீ ஆசைப்படுகிறாய். அவன் அப்பா சமையல்காரர். இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் கிரகத்தின் மேல் பழியைப் போட்டேன்.

அவர்கள் வீட்டுக்குப் போய், நட்சத்திரம் எல்லாம் சேர்கிறது, ஆனால் பையன் ஜாதகத்தில் ஏழாமிடத்தில் பெரிய தோஷம், கட்டிக்கொள்கிறவளுக்கு ஆயுசு நிற்காது என்று பணிக்கர் சொல்லிவிட்டார் என்றேன். வெங்கிட்டு கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். இல்லாத தோஷத்துக்கு நான் இரண்டு கிரகத்தின் பேரையும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு அவன் வர மாட்டான் என்றுதான் நினைத்தேன். வழக்கம்போல ஒன்பது மணிக்கு வந்தான். நோட்டை நீட்டி, மாமா இது கடைசி, இதையும் திருத்திக் கொடுங்கோ, ஆனா அவளுக்குக் கொடுக்கப் போறதில்லை என்றான். அதில் இரண்டே வரி இருந்தது. நீ எனக்கு வேண்டாம், உன் ஆயுசு எனக்கு வேணும். வேண்டாம் என்பதில் கடைசிப் புள்ளி இல்லை. நான் அந்தப் புள்ளியை வைத்தேன். அதோடு கை நிற்கவில்லை, இரண்டு வரியையும் அடித்துவிட்டு, விதி வகுத்த வழியில் விலகி நிற்கிறேன் என்று மேலே எழுதிக் கொடுத்தேன், இதுதான் நன்றாக இருக்கும் என்றும் சொன்னேன். அவன் ஒன்பது மாசம் எழுதிய எதிலும் விதி என்ற சொல்லே கிடையாது. அதை அந்த நோட்டுக்குள் எழுதினது நான்தான். அவன் வாசித்துப் பார்த்துவிட்டு, சரி மாமா என்றான். பிறகு, ஸுப்ரியாகிட்ட தோஷத்தைப் பத்திச் சொல்லாதீங்கோ, சொன்னா அவள் பரவாயில்லைம்பாள், அப்புறம் எனக்கு மனசு நிக்காது, எனக்கு இஷ்டமில்லைனே சொல்லிடுங்கோ என்று கேட்டுக்கொண்டான். நோட்டையும் என்னிடமே விட்டுவிட்டுப் போனான்.

நான் உன்னிடம் தோஷத்தை விட்டுவிட்டுச் சொன்னேன். ஜாதகம் சேரவில்லை, பையனும் பின்வாங்கிவிட்டான் என்று. நீ படகு ஜெட்டிக்குப் போய் அவனைக் கேட்டாய். திரும்பி வந்து, அவனுக்குத் தைரியம் கிடையாதும்மா, அவ்வளவுதான் அவன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாய். நான் பூஜை அறையில் இருந்தேன், காதில் விழுந்தது. ஆறு மாசத்தில் டப்ளின் போய்விட்டாய். அதன்பின் எத்தனை ஜாதகம் அனுப்பினாலும் வேண்டாம் என்கிறாய் என்று உன்னைக் கோபித்துக்கொண்டதும் நான்தான்.

இப்போது எதற்கு இதெல்லாம் என்று கேட்பாய். போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை சுப்ரமணியன் கோவிலில் சங்கரி மாமியைப் பார்த்தேன். ஈரப் புடவையோடு பிரதக்ஷிணம் பண்ணிக்கொண்டிருந்தாள், கால் இரண்டும் வீங்கி, பாதம் தரையில் பதியவில்லை. என்ன மாமி இது என்றேன். பிள்ளைக்குத்தான், அந்த தோஷம் கழியணுமே, ஏழு வருஷமா செவ்வாய்க்கிழமை பச்சைத் தண்ணிதான் என்றாள். வேறே ரெண்டு ஜோசியர் தோஷமே இல்லைங்கறா, ஆனா உங்க வாயால வந்த வார்த்தையாச்சே, நீங்க சும்மா சொல்வேளா என்றாள். எனக்குப் பிரசாதம் கொடுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனாள்.

நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் அம்மாவிடம் சொன்னேன். கமலாக்ஷி எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும், சத்தம் போடவில்லை, அழவில்லை. வேஷ்டி மாத்திண்டு வாங்கோ, இப்பவே போகலாம் என்றாள். முட்டிவலியோடு அவளும் கூட நடந்து வந்தாள்.

செல்லப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிறான். நான் உட்காராமல் நின்றபடியே எல்லாம் சொன்னேன், சாம்பார் வாளி வரைக்கும். சங்கரி மாமி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள், அப்போ என் பிள்ளைக்கு ஒண்ணுமில்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவையும் கேட்டாள், கேட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அழுகையாக மாறுவதற்கு நேரமாயிற்று. செல்லப்பா மட்டும், ஸார், அன்னிக்கு நேராவே சொல்லியிருக்கலாமே, எனக்குப் புரிஞ்சிருக்கும் என்றான். அவன் இதுவரை என்னை ஸார் என்று கூப்பிட்டதே இல்லை.

வெங்கிட்டுவிடம் நீங்களே சொல்லுங்கோ என்றாள் மாமி. அவன் இப்போது தேவராவில் கப்பல் வேலைக்குப் படம் வரைகிற உத்தியோகத்தில் இருக்கிறான், காலையில் வாட்டர் மெட்ரோ படகில்தான் போகிறான். மறுநாள் ஜெட்டியில் காத்திருந்து சொன்னேன். இரண்டு படகு வந்து போயிற்று, அவன் ஏறவில்லை. முன்நெற்றி நரைத்திருக்கிறது அவனுக்கு. கடைசியில், அப்போ அவள் இன்னும் என்னைப் பயந்தாங்கொள்ளினுதான் நினைச்சிண்டிருக்காளா மாமா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவளுக்கு எழுதுங்கோ, எனக்காக எதையும் கேட்க வேண்டாம், நான் பயந்தது எனக்காக இல்லைனு மட்டும் எழுதினாப் போதும் என்று சொல்லிவிட்டு, மூன்றாவது படகில் ஏறிப் போனான்.

எழுதிவிட்டேன். அவன் நோட்டையும் பணிக்கர் கைப்பட எழுதிய காகிதத்தையும் இதோடு கூரியரில் வைத்திருக்கிறேன். நோட்டில் சிவப்பு மையில் இருப்பது எல்லாம் என்னுடையது, அதை விட்டுவிட்டு அடியில் இருப்பதை வாசி. அவன் இன்னும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அவன் நம்பர் அம்மாவிடம் இருக்கிறது, நீ கேட்டால் தருவாள், கேட்காவிட்டால் அவளாக எடுக்க மாட்டாள்.

இதுவரை எழுதியதை அம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசும் வாசித்துவிட்டு, ஒண்ணு விட்டிருக்கேளே என்று திருப்பிக் கொடுத்தாள். விட்டிருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் தேவராவிலிருந்து ஒரு பெண் வீட்டார் வெங்கிட்டுவைப் பற்றி என்னிடம் விசாரிக்க வந்தார்கள். பொய்யை அன்றைக்குத் திரும்ப வாங்கியிருக்கலாம். வாங்கினால் உனக்குத் தெரிந்துவிடும் என்று, அதே தோஷத்தை அவர்களிடமும் சொன்னேன். அவர்கள் வந்த வழியே போய்விட்டார்கள். ஒரு தடவை செய்தது போல எழுதிவிட்டேன், இரண்டு தடவை செய்திருக்கிறேன்.

உனக்கு நல்ல ஆயுசும் மனசுக்குப் பிடித்த வாழ்க்கையும் அமைய வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், என் வேண்டுதல் பலிக்காவிட்டாலும் அம்மாவுடையது பலிக்கட்டும். டாக்டர் சொன்ன வைட்டமின் மாத்திரையை விடாமல் சாப்பிடு, அங்கே வெயில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ண மறக்காதே. என்னிடம் கொடுக்கச் சொல்ல வேண்டாம், அம்மாவோடு மட்டும் பேசினால் போதும், நான் ஹாலில்தான் இருப்பேன்.

உன் அப்பா
கல்யாணராமன்